பால் பாத்திரத்தில் வெந்த தந்திகள்

என் கடைசித் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன், விட்டுவிடாமல் எழுதிக்கொள். வயது ஐம்பத்தாறு. ஆறடிக்கு மேலே இரண்டு விரற்கடை. நிலைப்படிக்குக் குனிந்து குனிந்தே முதுகு வளைந்துவிட்டது. எல்லாருக்கும் அவன் நெட்டையன், எனக்கும்தான். பெரிய ஓட்டல் ஒன்றின் விருந்துக் கூடத்தில் பதினெட்டு வருஷமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறான். பெண்டாட்டி போனபிறகு என்னோடு இருக்கிறான்.

பேஸ் என்றால் என்னவென்று எனக்கும் முதலில் தெரியாது. நாலே தந்தி, தடித்தடியாக. அவன் அறையில் வாசித்தால் எனக்குப் பாட்டு கேட்காது. சமையலறை அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பிரிட்ஜ் ஓடுகிற மாதிரி என்று வைத்துக்கொள். ஓடுகிறவரை காதில் விழாது. நின்றால் தலையைத் தூக்கிப் பார்ப்போம்.

இதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவதற்கென்றே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இன்னொருவர் தபால்காரர். ஒரு தந்தியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஆனால் உலகத்திலேயே பெரிய பேஸ் வாசிப்பாளர் யார் என்று ஏழு வருஷமாக என் முன்னறையில் சட்டமாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிக் கடைக்காரருக்கு யாரோ ஒரு இடதுகைக்காரர் உசத்தி. தபால்காரருக்கு யாரோ ஒரு தாடிக்காரர். எந்த தேசத்து ஆட்களோ, இருக்கிறார்களோ போய்ச் சேர்ந்தார்களோ, யார் கண்டது.

"உங்க தாடி பாட்டு முழுக்க ஒரே சுரத்துல நிப்பாரு. அதுக்கு எங்க வீட்டுத் தண்ணி மோட்டார் போதுமே."

"உங்க ஆளு அந்த ஓட்டம் ஓடறாரே, பின்னால யாராவது துரத்தறாங்களா?"

தபால்காரர் பேசினால் எச்சில் தெறிக்கும். அவர் வந்ததுமே நான் தின்பண்டத் தட்டை மூடிவிடுவேன். கண்ணாடிக் கடைக்காரர் சாவியை விட்டுக் காது குடைவார், குடைந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், பிறகு என் நாற்காலிக் கையில் தடவுவார். அவர் போனதும் அதைத் துடைப்பது என் வேலை. நெட்டையனோ மூலையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான்.

"ஏண்டா, இவங்க கணக்குல நீ எத்தனாவது ஆளு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் அந்த வரிசையிலயே இல்லைக்கா. டீ கொடுக்குற வரிசை."

இப்படி இருக்கையில் ஓட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். கீபோர்டிலேயே இடது கையால் அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்துவிடலாமாம், அப்புறம் தனியாக ஒரு ஆள் எதற்கு என்று கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பாட்டு இவனோடு, ஒரு பாட்டு இவன் இல்லாமல். கேட்டுவிட்டு முடிவு சொல்வாராம். ஐம்பத்தாறு வயதில் இவனை வேறு எவன் எடுப்பான்? இவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. அந்த வாரம் முழுக்கத் தட்டில் போட்டதைப் பிசைந்து பிசைந்து வைத்தானே தவிரச் சாப்பிடவில்லை.

முந்தின நாள் ஞாயிறு. மத்தியானம் இவன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தான். நான் சற்றுக் கண்ணயர்ந்தேன். ஏதோ வாடை வந்து எழுப்பியது. பழைய சில்லறையைக் கையில் ரொம்ப நேரம் வைத்திருந்தால் வருமே, அதோடு ஈரச் செருப்பையும் சேர்த்த மாதிரி ஒரு வாடை. எழுந்துபோய்ப் பார்த்தால் அடுப்பில் என் பால் பாத்திரம். தண்ணீர் பாதிக்குமேல் சுண்டி, மேலே கறுப்பாக ஏடு கட்டியிருக்கிறது. உள்ளே புழு மாதிரிச் சுருண்டு நாலு தந்தி வேகிறது.

முன்னறையில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் வந்ததுகூடத் தெரியவில்லை.

"என் பால் பாத்திரத்துல என்ன அது?"

"தந்திம்மா" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், ஏதோ பாயசம் கிண்டுகிற மாதிரி. "நம்ம இடதுகைக்காரர் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலயும் வேகவைப்பாராம். அழுக்குப் போயி சத்தம் கணீர்னு வரும். நாளைக்கு இவனுக்குப் பரீட்சை இல்லையா?"

"தாடிக்காரர் சாகிறவரைக்கும் தந்தி மாத்தலை, துடைக்கக்கூட இல்லை" என்றார் தபால்காரர். "நான் அப்பவே வேண்டாம்னேன். சரி, பண்ணித்தான் பாருங்க, இன்னியோட விவகாரம் தீரட்டும்னு விட்டேன்."

அவர்கள் விவகாரம் தீர என் தம்பியின் தந்தி. பதினெட்டு வருஷத்து விரல் வியர்வையும் தோலும் நான் பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் கொதிக்கிறது.

நெட்டையன் வந்தான். பிடரியில் வெட்டின முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அடுப்பைப் பார்த்தான், அணைத்தான். இடுக்கியால் ஒவ்வொரு தந்தியாக எடுத்துத் துண்டில் போட்டான். முனையில் சுற்றியிருந்த சிவப்பு நூல் பிரிந்து தொங்கியது.

"இது வேகவைக்கிற தந்தி இல்லைங்க" என்றான். "சொரசொரன்னு இருக்கிற தந்தியைத்தான் வேகவைப்பாங்க. இது வழவழன்னு தட்டையாச் சுத்தினது. உள்ளே தண்ணி போனா நெகிழ்ந்துடும்."

அவ்வளவுதான் சொன்னான். நானாக இருந்தால் அந்தத் தண்ணீரை அவர்கள் தலையிலேயே ஊற்றியிருப்பேன்.

துடைத்துக் காயவைத்து மாட்டினான். மூன்று நின்றது. எல்லாவற்றிலும் தடித்ததை முடுக்கும்போது நூல் இருந்த இடத்தில் பட்டென்று அறுந்து அவன் புறங்கையில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. திறந்திருந்தாலும் அந்த ரகம் சொல்லிவைத்துத்தான் வரும்.

அப்போது தபால்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "பார்த்தீங்களா, தாடிக்காரர் சொன்னது சரியாப் போச்சு."

இரண்டு பேரையும் வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

மிச்சமிருந்த மூன்றில் தடித்ததைத் தளர்த்தி அதன் சுரத்தைக் கீழே இறக்கினான். அப்படி இறக்கினால் விரல் வைக்கிற இடமெல்லாம் மாறிப்போகுமாம். விளக்கு வைக்கிறவரை உட்கார்ந்து, தெரிந்த பாட்டையே தெரியாதவன் மாதிரித் தேடித் தேடி வாசித்தான். தம்ளர்கள் கோணல்மாணலாக ஆடின.

மறுநாள் நானும் போனேன். வயர்ப் பையைத் தூக்க ஆள் வேண்டும் என்று சாக்குச் சொன்னேன். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். கம்பளத்தில் பழைய விருந்தின் நாற்றம். மேனேஜர் கையில் போன், கண்ணும் போனில். இவன் மகன் வயதுகூட இருக்காது.

முதல் பாட்டு இவனோடு. தளர்ந்த தந்தி கொழகொழவென்று ஆடியது எனக்கே தெரிந்தது. இரண்டு இடத்தில் விரல் தப்பியது. பாடுகிற அம்மா திரும்பி ஒரு தரம் பார்த்தாள், பாடி முடித்தாள். அடுத்தது இவன் இல்லாமல். இவன் சுவரோரம் வந்து என் பக்கத்தில் நின்றான், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். கீபோர்டுக்காரர் பாவம், சொன்னதைச் செய்தார். சத்தம் சுத்தமாகத்தான் வந்தது. சரி, போச்சு என்று நினைத்தேன். இரண்டாவது சரணத்தில் அந்த அம்மா நிறுத்திவிட்டாள்.

"என்னாச்சு?" என்றார் மேனேஜர்.

"மூச்சு விட முடியலை சார். நான் மூச்சு எடுக்குற இடத்துல இவர் விரலை எடுத்துடுவாரு. கண்ணிமைக்கிற நேரம்தான். அதை வச்சுத்தான் பதினெட்டு வருஷமா பாடறேன். முதல் பாட்டுல ஒரு தந்தி இல்லாமத் தடுமாறினப்பவும் அந்த இடத்தை அவர் தவறவிடலை. இதுல அது இல்லை."

"கொஞ்சம் பழகினா வந்துடாது?"

"வரலாம் சார். நீங்க பாடிப் பழக்குங்க."

மேனேஜர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சரி, இருக்கட்டும்" என்றார். ஒரு மனுஷன் பிழைப்பு, வேண்டாத சாமானை மூலையில் போட்டு வைக்கிற மாதிரி, இருக்கட்டுமாம். அவரையும் ஒரு கொதி கொதிக்க வைத்தால் தேவலை.

திரும்பி வரும்போது இவனிடம் கேட்டேன். "அந்த இடத்துல நீ வேணும்னுதான் விரலை எடுக்கறியா?"

"எந்த இடம்க்கா?" என்றான். பிறகு நாலு எட்டு நடந்து, "ஓ, அதுவா" என்றான்.

அடுத்த ஞாயிறு கதவு தட்டும் சத்தம். இரண்டு பேரும்தான். கண்ணாடிக் கடைக்காரர் புதுத் தந்தி ஒரு உறை வாங்கி வந்திருந்தார், தப்பான ரகம். வேலை நிலைத்ததா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? உட்கார்ந்ததும் தபால்காரர் கேட்டது இது: "மூணு தந்தியிலயா வாசிச்சே? அப்போ நாலாவது தந்தி தேவையே இல்லைன்னு ஆகுதில்ல?"

"அது எப்படி?" என்றார் மற்றவர். சாவி காதுக்குப் போனது.

நான் தம்பியைப் பார்த்தேன். இன்றைக்காவது நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பான் என்று கதவோரமே நின்றேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தான்.

"ரெண்டு பேரும் தப்பாச் சொல்றீங்க" என்றான். "பெரிய ஆளுன்னா அந்தக் கப்பல்ல வாசிச்ச குள்ளர்தான். அவரைக் கேட்டிருக்கீங்களா?"

அவர்கள் கேட்டதில்லையாம். பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேருமாகச் சாயங்காலம்வரை. வெட்கங்கெட்டவன். பால் பாத்திரம் இப்போது கொல்லைக் குழாயடியில் தரை துடைக்கிற துணியை ஊறவைக்கக் கிடக்கிறது. புதுப் பாத்திரத்தை என் துணி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்.