கல்லில் அரைத்த கஞ்சி

அருங்காட்சியகத்தின் கற்காலக் கூடத்தில் ஒருநாள் வெளியூர் விவசாயி ஒருவர் அறிவிப்புப் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் கண் எழுத்தின் மேல் ஓடவில்லை. ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. கூடத்துக் காவலாளி அதைக் கவனித்தார். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போய், பலகையில் இருந்ததைத் தனக்குத்தானே படித்துக்கொள்வது போல உரக்கப் படித்தார். விவசாயி முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார். இந்தச் சங்கதியைக் காவலாளி வீட்டில்கூடச் சொல்லவில்லை. கூடம் பெருக்குகிற அம்மாள் சொல்லித்தான் அவர் மனைவிக்கே தெரியும்.

அந்தப் புண்ணியத்தோடு மனுஷன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் ருசி கண்டுவிட்டது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டினார். படிக்கப் படிக்க, பலகையை எழுதியதே தாம்தான் என்ற நினைப்பு வந்துவிட்டது. தெருவில் ‘கற்காலத்தார்’ என்று கேலிப்பெயர் வைத்தார்கள். அவர் அதையும் பட்டமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

பலகையில் இருந்தது இவ்வளவுதான்: பூமியைத் தோண்டியதில் மிருக எலும்பும் கொட்டை ஓடும் கிடைத்தன, ஆதிமனிதர் இவற்றை உண்டனர். அது அவரோடு வீடு வந்து சேரும்போது சட்டமாகிவிட்டது.

“மாவுன்னு ஒண்ண அவங்க கண்டதே இல்ல. அதான் ஒவ்வொருத்தனும் பாறை மாதிரி இருந்தான். இனிமே இந்த வீட்ல கஞ்சி கிடையாது, ரொட்டி கிடையாது.”

“அந்தப் பாறையெல்லாம் இப்ப எங்கங்க? உங்க கண்ணாடிப் பெட்டியிலதானே கிடக்கு?” என்றாள் மனைவி.

தன் வயிற்றைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் கூடவே இருந்த அப்பாவைப் பற்றித்தான். அவர் வாயில் பெயருக்குக்கூட ஒரு பல் இல்லை. கஞ்சியை நம்பி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவர். அவர் தட்டில் சுட்ட இறைச்சியும் கொட்டையும் வந்து விழுந்தன.

“மாப்ள, இதத் தின்னணுமா, இல்ல வேடிக்கை பாக்கணுமா?”

“பழகுங்க மாமா. ஈறு தானா இறுகும்.”

கொடுத்த பல்லைப் படைத்தவனே திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு, ஈறுக்கு உத்தரவு போட இவர் யார் என்று அவள் சாமியிடம் முறையிட்டாள். அவர் வேலைக்குப் போனதும் ஒளித்து ஒளித்துக் கஞ்சி வைத்தாள். அதையும் ஒருநாள் கண்டுபிடித்துக் கொட்டிவிட்டார். அப்பாவின் சட்டை ஆணியில் தொங்குவது போலத் தோளில் தொங்கியது.

தங்கை போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். “அக்கா, அப்பா குரலே தேஞ்சு கிடக்கு. ஞாயித்துக்கிழமை வரேன். இளைச்சிருந்தாருன்னா, கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்.”

அப்பாவை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. விடியற்காலையில் அவர் இருமுகிற சத்தம் கேட்டுத்தான் அவளுக்கு விழிப்பே வரும். நேரே அருங்காட்சியகத்துக்குப் போனாள். அகழாய்வு அதிகாரியம்மா ஒரு புதுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே துணியும் கையுமாகக் கற்காலத்தார்.

“ஏம்மா, பல்லு போன கெழவங்க அந்தக் காலத்துல என்னத்தம்மா தின்னாங்க?”

“நல்ல நேரத்துல கேட்டீங்க” என்று அதிகாரி ஒரு தாடை எலும்பைக் காட்டினார். பல் இருந்த குழியெல்லாம் மூடி வழவழவென்று இருந்தது. “பல்லெல்லாம் போயும் பல வருஷம் உயிரோட இருந்திருக்காரு. யாரோ மசிச்சுக் கொடுத்திருக்காங்க. இதோட கிடைச்ச கல்லுல புல் விதை மாவு ஒட்டியிருக்கு.”

“பலகையில எலும்புன்னுதானே போட்டிருக்கு?” என்றார் கற்காலத்தார். குரல் கீழே இறங்கிவிட்டது.

“எலும்பு லேசுல மக்காது, அதனால கிடைச்சுது. கஞ்சி மக்கிடும். இத மட்டுந்தான் தின்னாங்கன்னு நாங்க எங்கயாவது எழுதியிருக்கோமா?”

கடவுள் கண் திறந்தார் என்று அவள் வீடு வந்தாள். சாயங்காலம் அவர் ஒரு சாக்கோடு வந்தார். உள்ளே இரண்டு கல்.

“கஞ்சி வைக்கலாம். ஆனா கல்லுலதான் அரைக்கணும். அவங்ககிட்ட மிக்சி கிடையாது.”

“உங்கள மாதிரி மாப்பிள்ளையும் கிடையாதுங்க. அதான் பொழச்சாங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வேர்த்து விறுவிறுக்கத் தாமே அரைத்தார். அவளைத் தொடவிடவில்லை. கல் எங்கோ வீடு கட்டுகிற இடத்தில் பொறுக்கியது. தானியம் பாதி, கல் பாதியாக மாவு வந்தது. மாமனார் முதல் வாய் கஞ்சியைத் துப்பவும் தங்கை உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

“என்ன அத்தான் இது, ஒரே மண்ணு!”

“அவங்க சாப்பாட்டுலயும் கல்லுத்தூள் இருந்துச்சும்மா. அதான் அவங்க பல்லெல்லாம் தேஞ்சிருந்துச்சு.”

“எங்கப்பாவுக்குத் தேயறதுக்கு என்ன இருக்கு?”

அக்காள் எழுந்துபோய் அப்பாவின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

மழைக்காலம் வருவதற்குள் அப்பா தங்கை வீட்டிலேயே கண்ணை மூடிவிட்டார். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் பார்த்ததுதான் மாமனாரும் மருமகனும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது. கற்காலத்தார் வண்டிக்குள் ஏறி, மாமனாரின் முதுகுக்குப் பின்னால் பையை அண்டக் கொடுத்தார். அப்புறம் அவர் காதோரம் குனிந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற மனைவி, மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

“மாமா, அங்க என்ன குடுத்தாலும் சாப்பிடுங்க. நான் அரைச்சதுல மண்ணு இருந்துச்சுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”