பின்னறைக்குப் போட்ட கடை வரி

சொத்து வரி நோட்டீஸைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் தறி ஓடுகிறது. அங்கேயே பாய் விரித்துப் பட்டுச்சேலை விற்கிறோம். அந்தக் கூடத்துக்குக் கடை விகிதத்தில் வரி போட்டால் நியாயம். நோட்டீஸிலோ பின்னறையும் வணிகப் பயன்பாடு, கிடங்கு என்று இருந்தது. அது என் அம்மா படுக்கிற அறை.

அலுவலகத்துக்கு ஓடினேன். நான் இல்லாத நேரத்தில் வீட்டை அளந்துவிட்டுப் போன வரி அலுவலர் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னார்: எத்தனை சதுர அடி, தெரு எந்த மண்டலம், கட்டடத்துக்கு என்ன வயது, குடியிருப்பா வணிகமா, வணிகம் என்றால் சதுர அடிக்கு விகிதம் ஏறும், பெருக்கினால் அரையாண்டு வரி. பெருக்கத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு கதவைத் திறந்து பார்க்கத் தெரியாதா என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாக, "உங்க வீட்டம்மாதான் சார் உள்ள சரக்கு இருக்குதுன்னு சொன்னாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எகிறினேன். அவள் மறுக்கவில்லை. அவர் அளக்க வந்த நேரத்தில் முகூர்த்தச் சேலை எடுக்க ஒரு கல்யாண வீட்டார் பாயில் உட்கார்ந்திருந்தார்களாம். அப்படி யார் வந்தாலும் அம்மா பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்பா போனதிலிருந்து இதுதான் வழக்கம். தாலி கட்டிக்கொள்ளும் சேலை வாங்க வந்தவர்கள் விதவை முகத்தில் விழிக்கக் கூடாதாம். சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன என்று அலுவலர் கேட்டபோது, அத்தனை பேர் எதிரில் மாமியார் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. சரக்கு என்றிருக்கிறாள்.

"அவ மேல ஏம்பா பாயுற? நல்ல காரியத்துக்கு வந்தவங்க எதிர்ல என்னை இழுத்துக்கினு வந்து நிறுத்துவாளா?" என்றாள் அம்மா.

அந்தச் சாந்தம் என்னை இன்னும் எரித்தது. வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று சொல்லிவிட்டு மனு எழுதிப் போட்டேன்.

அலுவலர் மறுபடி வந்தார். பின்னறைக் கட்டிலையும் மருந்து பாட்டில்களையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். கொஞ்சம் கூசிப்போய், அறையைக் குடியிருப்பு என்று மாற்றி எழுதினார். கூடத்துக்கு மட்டும் கடை விகிதம். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மஞ்சள் பையில் பத்திரிகையோடு ஒரு கல்யாண வீட்டார் இறங்கினார்கள். மனைவி அவசரமாகப் பாயை விரித்தாள். இன்றைக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும் என்று உள்ளே ஓடினேன். தள்ளிப் பார்த்தேன். அம்மா உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.