துரை மகனை நான் கொழுந்து எடுக்க வைத்தது

பதுளைக் கடைத்தெருவில் இன்றைக்கு நிற்கிற அந்த மாடிக்கடை நான் கட்டியது. பக்கத்துப் பேக்கரியும் நான் கட்டியதுதான். அடுப்புக்குச் செங்கல்லை என் தலையிலேயே சுமந்தேன். தண்ணீர் வராது என்று கிணறு வெட்டுகிறவர்களே கைவிட்டுப் போன பாறையில் வெட்டித் தண்ணீர் எடுத்தேன். ஏழு மாட்டுவண்டி ஓட்டினேன், பிறகு லொறி வாங்கினேன். இவ்வளவுக்கும் நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியாருக்கு வெற்றிலை வாங்கப் போய்விடுவேன். கையெழுத்துப் போடவே முப்பது வயதில்தான் கற்றேன். ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரியத்தை நான் ஏழு வயதிலேயே செய்துவிட்டேன். அதை யாரும் சொல்வதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடான லயத்தில் இருந்தோம். அப்பா சில்லறைக் கங்காணி. இருபது பேரை வேலை வாங்குகிறவர். பெரிய கங்காணி இந்தியாவுக்குத் திரும்பிவிட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. அப்பா மனத்துக்குள் தலைப்பாகை கட்டி அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. அந்தச் சமயம் எங்கள் துரைக்கும் மேலான ஒரு வெள்ளைக்காரர் கொழும்பிலிருந்து வேட்டைக்கு வந்தார். மலைக்குக் கீழே காட்டுக்குள் சர்க்கார் ஒரு பங்களா வைத்திருந்தது. வேட்டைக்காரர்கள் அனுமதி வாங்கி அதில் தங்குவார்கள். துரை அப்பாவைக் கூப்பிட்டார். விருந்தாளிக்கு நல்ல கொம்புள்ள மரைமான் ஒன்று விழுந்தால் பெரிய கங்காணி வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் துரையோடு துரைசானியும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்தார்கள். பையனுக்கு ஆறு வயது, பெண்ணுக்கு நாலு. பிள்ளைகளுக்கு ஆயாவாக அம்மா. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான். என் தங்கை அப்போது நாலு மாதக் குழந்தை. அவள் அழுதால் மிருகம் வராது என்று துரை சொல்லிவிட்டதால், அவளை லயத்தில் அத்தையிடம் விட்டுவிட்டு வந்தோம்.

காட்டுப் பங்களாவில் ஒரே ஒரு சட்டம்தான்: சத்தம் கூடாது. கொல்லைக்கு அப்பால் ஒரு நீர்க்குட்டை இருந்தது. விடியும்போது மரை அங்கே தண்ணீர் குடிக்க வரும். அதனால் பகலிலும் யாரும் வாய் திறக்கக் கூடாது. முதல் நாள் துரை மகன் தட்டைக் கீழே போட்டான். துரை குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, திட்டுவதையும் கிசுகிசுத்தே திட்டினார். இரண்டாம் நாள் பிள்ளைகள் இரண்டும் தூணில் ஏறின, நாற்காலியை இழுத்தன, ஒன்றையொன்று கடித்தன. கடிபட்ட பிள்ளையின் வாயை அம்மா பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ராசா, எதையாச்சும் வெளையாட்டுக் காட்டுடா. இதுக கத்துனா அப்பாவுக்கு வர்ற வேல போயிரும்.”

ஏழு வயதில் எனக்குத் தெரிந்த உலகத்தில் மனிதர்கள் மூச்சு விடாமல் நிற்கிற இடம் ஒன்றுதான்: பெரட்டு. விடியற்காலையில் ஆட்களையெல்லாம் வரிசையில் நிறுத்தித் துரை வேலை பிரிக்கிற இடம். ஓலைப்பெட்டி ஒன்றைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு, குச்சியைக் கக்கத்தில் இடுக்கி, நான் துரையானேன். அவர்கள் இருவரும் என் ஆட்கள்.

துரை மகன் ஆயா கையில் வளர்ந்தவன். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவான்.

“நான்தானே தொரை? எங்க அப்பாதானே தொரை?” என்றான்.

“மொதல்ல கொழுந்து எடுக்கக் கத்துக்க. அப்புறம் தொரையாகலாம். வரிசையில நில்லுடா!”

நின்றான். சத்தியமாக நின்றான். ஆட்கள் வந்தாகிவிட்டது, இனித் தேயிலைச் செடி வேண்டும். நீர்க்குட்டை ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் பச்சைப்பசேலென்று ஒரு வரிசை நின்றது. முதல் நாள் அப்பாவும் ஆட்களும் கொப்பு வெட்டி நட்ட வேட்டை மறைப்பு அது. துரைகள் அதன் பின்னால் உட்கார்ந்துதான் சுட வேண்டும். எனக்கு அது தெரியாது. யாரோ நமக்காக நட்டு வைத்த செடி என்று நினைத்தேன். பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சத்தமே இல்லாமல் கொழுந்து எடுத்தோம்.

துரை மகன் கெட்டிக்காரன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத்தான் ஆரம்பித்தான். கூடையைக் கொண்டுவந்து காட்டியபோது நான், “என்னா இது? முத்தல்! கொட்டு கீழே!” என்று குச்சியால் தட்டிவிட்டேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பப் போய் எடுத்தான். நாலு மணிக்கு ஒரு கொப்பில்கூட இலை இல்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் இவ்வளவு அமைதியாக இருக்கிறார்களே என்று என் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். மறைப்பு எது என்று அவளுக்கும் தெரியாது.

மறுநாள் இருட்டோடு அப்பாவும் துரையும் விருந்தாளியும் போய் மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பிறகு நடந்ததை அப்பா சாகும்வரை இதே வார்த்தைகளில்தான் சொல்வார்:

“வெளிச்சம் வந்துச்சு. மரையும் வந்துச்சு. கொம்பு இந்தா இவ்வளவு. தலையத் தூக்கிப் பாத்தா, நாங்க மூணு பேரும் குச்சிக்குப் பின்னால கூண்டுக்கோழி மாதிரி குந்தியிருக்கோம். ஒவ்வொருத்தரா பாத்துச்சு. அவசரமே படல. அப்புறம் திரும்பிப் போயிருச்சு.”

துரை பங்களாவுக்குத் திரும்பியபோது கிசுகிசுப்பெல்லாம் போய்விட்டது.

“யார் செஞ்சான் இது? கங்காணி, யார் செஞ்சான்?”

அப்பா வாய் திறப்பதற்குள் துரை மகன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். தானே எடுத்ததாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். எடுக்கச் சொன்னது யார் என்றதும் என்னைக் காட்டினான். விருந்தாளிக்குத் தமிழ் தெரியாது. துரை மகன் இங்கிலீஷில் சொன்ன விவரத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, எப்படி என்று நடித்துக் காட்டச் சொன்னார். அப்பா வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். என் கண்ணுக்கு அது உற்சாகப்படுத்துவதாகத் தெரிந்தது.

ஓலைப்பெட்டியை மாட்டிக்கொண்டு முழுத் துரையையும் நடித்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தேன், கூடையைத் தட்டிவிட்டேன், துரையின் தமிழிலேயே திட்டினேன். துரை மகன் ஒவ்வொரு வரியையும் துரைசானிக்கு இங்கிலீஷில் சொன்னான். விருந்தாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். துரைசானியும் சிரித்தாள். துரை காது வரைக்கும் சிவந்துபோய் நின்றார்.

அப்போது துரையின் சின்ன மகள், விளையாட்டில் எப்படிச் செய்தாளோ அப்படியே, துணிப்பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“தொரே, புள்ள அழுவுது. பால் குடுத்துட்டு வர்றேன்.”

தோட்டத்தில் தினம் கேட்கிற பதிலை நான் சொன்னேன்.

“கொழுந்து மொதல்ல! பால் அப்புறம்! சங்கு ஊதாம மலைய விட்டு எறங்கக் கூடாது!”

துரை மகன் அதையும் சொன்னான். துரைசானி சிரிப்பை நிறுத்தினாள். நான் நடித்தது போதவில்லை என்று நினைத்து அதே வரியை இன்னும் பலமாகச் சொன்னேன். துரைசானி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. மழையும் இல்லை, அவள் தண்ணீர்ப் பக்கம் போகவும் இல்லை. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

துரைசானி இங்கிலீஷில் துரையிடம் நாலே வார்த்தை பேசினாள். அன்று மத்தியானமே அம்மாவையும் என்னையும் வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். என் நடிப்பு பிடிக்காமல் விரட்டிவிட்டார்கள் என்று வழியெல்லாம் அழுதேன். அம்மாவோ வண்டிக்காரரை வேகமாக ஓட்டச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெரிய கங்காணி வேலை வேறொருவருக்குப் போனது. ஆனால் அந்த மாதமே தோட்டத்தில் ஓர் உத்தரவு வந்தது: கைப்பிள்ளைக்காரிகள் காலையில் ஒரு தடவை மலையிலிருந்து இறங்கிப் பால் கொடுத்துவிட்டு வரலாம். துரைசானிக்குத் தங்கமான மனசு என்று லயமெல்லாம் பேச்சு. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. என் மனைவிக்குத் தலைப்பிள்ளை பிறந்த பிறகுதான் விளங்கியது.

இப்போது அந்தத் தோட்டத்தில் வேலை நேரத்துக்குக் கைப்பிள்ளைகளை விட்டுவைக்கிற பிள்ளைக்காம்பராவின் வாசலில் துரைசானியின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்லில் கீழே இடம் கிடக்கிறது. நானே போய் முழம் போட்டுப் பார்த்தேன், இரண்டு வரி தாராளமாகப் பிடிக்கும். ஒரு வரியில் அப்பா பெயர், அவர் இழந்த வேலைக்காக. இன்னொரு வரியில் என் பெயர். வெட்டுகிற ஆளை நானே கூட்டி வருகிறேன். எழுத்து மட்டும் துரைசானியின் எழுத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.