கவலை மாட்டைப் புளியங்கட்டைக்குப் பூட்டிய கதை

மல்லசமுத்திரத்தில் என் மச்சான், வெட்டிய புளியமரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்க, கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும் மாடுகளை இன்று பூட்டினார்.

கட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அடிவேரை வெட்ட மச்சான் கோடாலியோடு கட்டைக்கு அடியிலிருந்த குழிக்குள் இறங்கினார்.

"கல்லு முட்டுக் குடுத்துட்டு எறங்குங்க மச்சான்" என்றேன்.

"எம்பட மாடு மலையாட்ட நிக்கும். நீங்க சும்மா இருங்க."

முன்னால் இழுத்துத் தண்ணீரை மேலேற்றியதும், மறுபடி மொள்ளப் பின்னால் நடப்பதுதானே கவலை மாட்டின் பழக்கம்! கடமை தவறாமல் பின்னால் வந்தன. கயிறு தளர்ந்து, கட்டை குழிக்குள் உட்கார்ந்தது. மச்சான் தவளையாகத் தாவி வெளியே விழுந்தார்.

"காலு இருக்குதுங்களா?"

"ரெண்டும் இருக்குது. கோடாலிதான் உள்ள போச்சு."

இப்போது மாட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அங்கே ஒழுங்காக வேலை பார்த்தவை அவை மட்டும்தான். கோடாலியை எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவரிடம் வேண்டாம், மாடுகளிடம்.