நான் வெட்டிய பத்து விநாடிகள்

தென்னூரில் தெருநாய்களைப் பராமரிக்கும் ஒரு சிறிய அறக்கட்டளையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வீடியோ அனுப்பினார். ஓர் ஆட்டோக்காரர் நாயைக் கட்டையால் அடித்தே கொல்கிறார். ஆனால் முதல் பத்து விநாடிகளில் அந்த நாய் ஒரு சிறுமியின் கையைக் கவ்வி, விடாமல் உலுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, ஆட்டோ எண் தெரியும்படி பதிவிட்டேன். எங்கள் பக்கம் நிறையப் பேரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே அப்போது என் நினைப்பு.

மறுநாள் காலை நாலைந்து பேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய் அவரை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். வலது கை இரண்டு இடங்களில் முறிந்தது. தாடை உடைந்தது. அதையும் படமெடுத்து, 'உங்களுக்காகத்தான்' என்று எங்களுக்கே அனுப்பினார்கள்.

மருத்துவமனைக்குப் போய் அவர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"முழு வீடியோவும் உங்ககிட்ட இருந்துச்சாங்க?"

"இருந்துச்சுங்க."

"அப்ப அதையும் போடுங்க. ஸ்கூல்ல என் பொண்ணைக் கொலைகாரன் மகள்ங்கறாங்க."

வெட்டியது நான்தான் என்று எழுதி, அன்றே போட்டேன். முதல் வீடியோவுக்குக் கொதித்தவர்களில் வெகு சிலரே அதைப் பார்த்தார்கள். அடித்தவர்கள் மீது வழக்கு நடக்கிறது. என் மீது அந்தக் குடும்பம் புகார் கொடுக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.