டெஸ்டிங் கம்ப்யூட்டரில் கை வைத்தது யார்?

ஒரகடத்தில் நான் மெயின்டனன்ஸில் இருந்த கம்பெனியில், கார் ஒயரிங்கைச் சோதிக்கும் மெஷின் ஒரு பழைய கம்ப்யூட்டரை நம்பித்தான் ஓடியது. தொண்ணூறுகளில் வந்தது. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை, ஸ்பேர் கிடைக்காது. ஒருநாள் காலை ஷிஃப்டில் ‘கீபோர்டு எர்ரர்’ என்று காட்டிவிட்டு நின்றுவிட்டது.

சூப்பர்வைசர் சரவணன் உடனே கேமராப் பதிவைப் போட்டார். சேரப்பணஞ்சேரியிலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆபரேட்டர் ஜெசிந்தா, முந்தின நாள் கிளம்பும் முன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விடுவது தெரிந்தது. அன்றுதான் ஓவர்டைம் பார்க்க முடியாது என்று சரவணனிடம் சத்தம் போட்டிருந்தாள்.

“பின்னாடி கைய வுட்டு இன்னா பண்ணே?” லைன் மொத்தமும் பார்க்கக் கேட்டார்.

“சுவிட்ச அணைச்சேன் சார். அது பின்னாடிதானே கீது.”

“கதை வுடாதே. இன்னியோட வேலை காலி.”

மூடியைக் கழற்றினேன். கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சர்க்யூட் போர்டு பச்சையாகப் பூத்திருந்தது.

“பாத்தியாண்ணே? இன்னாவோ ஊத்திக்கீறா” என்றார் சரவணன்.

எனக்கும் சந்தேகம்தான். அவள் மேஜையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் ‘ஆமா’ என்றால் அவள் கேட்டுக்கு வெளியே.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மூடியின் உள்பக்கம் ஈரக்கறை இல்லை, தூசு கலையவில்லை. பச்சை அதிகம் இருந்தது போர்டில் பற்றவைத்திருந்த சின்ன பேட்டரியைச் சுற்றித்தான். அதை வெட்டி எடுத்தேன். அடியில் கறுத்துக் கிடந்தது.

“அது மேலயே ஊத்தியிருந்தா?” என்றார் சரவணன்.

ஜெசிந்தாவிடம் கேட்டேன். “கொஞ்ச நாளா இதுல வேற இன்னா பாத்தேம்மா?”

“தேதி தப்பா காட்டும்ணா. தினம் காலைல நான்தான் மாத்துவேன். சார்கிட்ட சொன்னேன், வேலையப் பாருன்னாரு.”

சரவணன் தலையாட்டினார். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் தேதியைக் காப்பது அந்த பேட்டரிதான். அது செத்து, ஒழுகி, போர்டை அரிக்க ஆரம்பித்துப் பல நாள் ஆகியிருந்தது.

கேன்டீனிலிருந்து வினிகர் வாங்கி, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்தேன். கீபோர்டுக்குப் போகும் செம்புக் கோடு ஒன்று அரித்து அறுந்திருந்தது. அதன் இரு முனைகளையும் முடி போன்ற ஒயரால் சால்டர் செய்து இணைத்தேன். கம்ப்யூட்டர் எழுந்தது, கீபோர்டும் வேலை செய்தது.

“சரி, போய் ஓட்டு” என்றார் சரவணன்.

அவள் நகரவில்லை. “எல்லார் முன்னாடியும்தானே கேட்டீங்க சார்? இதையும் அப்படியே சொல்லுங்க.”

சரவணன் லைன் நடுவே போய், “பேட்டரி ஒழுகி இருக்கு. அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல” என்றார். அதன் பிறகே அவள் சீட்டில் உட்கார்ந்தாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மெஷின் நின்றால், அதை ஓட்டியவரிடம் என்ன பண்ணினாய் என்று கேட்காதீர்கள். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள்.