கோல்கள் மட்டும் மிஞ்சிய கசெற்

நான் வசிக்கும் நோர்வேயின் பேர்கன் நகரத்தில் சின்னப் பிள்ளைகளின் உதைபந்தாட்டத்தில் யாரும் கோல் எண்ணுவதில்லை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் கொட்டும் மழையிலும் ஆட்டம் நடக்கும். பெற்றோர் மழை அங்கியோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கோப்பி குடிப்பார்கள். பந்து எந்த வலைக்குள் போனாலும் இரண்டு பக்கத்தாரும் கை தட்டுவார்கள். இங்கே வந்த புதிதில், யார் வென்றது என்று பக்கத்து வீட்டு ஈவாரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிள்ளைகள் எல்லாரும் நன்றாக ஓடினார்கள் என்றார். இந்த வயதில் முடிவுகளை எழுதி வைப்பதில்லையாம். ஒரு கோலுக்காகச் சொந்த மச்சான்மார் மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் திரிந்த கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவளுக்கு அது விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது.

உனக்கு உதைபந்தாட்டம் பிடிக்குமா என்று ஈவார் கேட்டார். என் அண்ணன் கோல் கீப்பராக இருந்தவர் என்றேன். இப்போதும் விளையாடுகிறாரா என்றார். காணாமற்போனவரை நோர்வே மொழியில் எப்படிச் சொல்வதென்று எனக்கு அன்று தெரியாது. தெரிந்த ஒரு சொல்லைச் சொன்னேன், ‘போர்த்தெ’ என்று. ஆள் இல்லாமற் போய்விட்டார் என்று அர்த்தப்படும் என நினைத்தேன். வெளியூர் போயிருப்பவரையும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். ஈவார் சிரித்துக்கொண்டே, எப்போது திரும்பி வருவார், வந்தால் மைதானத்துக்குக் கூட்டி வா என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். திருத்திச் சொல்லும் அளவுக்கு மொழி வந்த பிறகும் சொல்லவில்லை. அண்ணனை வெளியூர் போனவராக நினைக்கிற ஒரு மனிதர் இந்த உலகத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

அண்ணனின் பெயர் ஜூட். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக் கழகத்தின் கோல் கீப்பர். மெலிந்த ஆள், நீண்ட கை. கழகம் மிகவும் பலவீனமான கழகம், ஆகவே அண்ணனுக்கு ஓய்வே கிடைக்காது. அந்தக் காலத்தில் உலகக் கோப்பை முடிந்து சில மாதங்களில் அதன் ஹைலைட்ஸ் படங்கள் வீடியோ கசெற்றில் வாடகைக்கு வரும். ஒழுங்கையில் ஒரே ஒரு வீட்டில்தான் கசெற் ஓட்டும் டெக் இருந்தது. ஆண்களும் பெண்களும் அடைந்துபோய் இருந்து பார்ப்போம். இன்றைக்குக் கைபேசியில் வருவதைப்போல கோல், கோல் என்று ஓடி முடிகிற துண்டுகள் அல்ல அவை. பந்து வருவதற்கு முன்னால் ஒருவன் மூச்சை இழுப்பதைக் காட்டுவார்கள். தோற்றவன் காலுறையை இறக்கிவிட்டுப் புல்லில் குந்தியிருப்பதைக் காட்டுவார்கள். யார் எடுத்த படங்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் மனிதரை நேசித்தவர்கள் எடுத்தவை என்று தெரியும்.

அந்தப் படங்களில் மயங்கிப்போனவர் மாளிகாவத்தையைச் சேர்ந்த ரிஸ்வான் நானா. கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பது அவருடைய தொழில். கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கமெராவைத் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். அவர் எடுத்ததை வெட்டி ஒட்டிப் படமாக்கியவர் அவருடைய மனைவி மஸீனா அக்கா. மைதானத்தின் பக்கமே வராதவர், வீட்டில் இரண்டு டெக்குகளுக்கு முன்னால் இருந்தபடியே கொழும்பின் அத்தனை கழகக்காரர்களையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார். நானாவுக்கு உலகக் கோப்பைப் படங்களைப்போல முகங்களையும் வைக்க ஆசை. ஆனால் கசெற் வாங்கியவர்கள் கோல் அடித்தவர்கள், அவர்களுக்குத் தங்கள் கோல் மட்டும் போதும். அதனால் மஸீனா அக்கா கோல்களை மட்டும் வைத்தார். ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் நடுவில், கல்யாண வீடியோவில் போடுகிற அதே ரோசாப்பூவைப் போட்டார். பந்து வலைக்குள் போகும், அண்ணன் விழுவார், திரையின் நடுவிலிருந்து ஒரு சிவப்பு ரோசா விரிந்து அவரை மூடும். பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அண்ணனும் சிரிப்பார். “நான் விழாட்டி நானாவுக்குப் படமே இல்லை” என்பார்.

அண்ணன் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். சண்டை நடந்த காலம். ஒரு நாள் வேலை முடிந்து பஸ் ஏறியவர் வீடு வந்து சேரவில்லை. வெள்ளவத்தைத் தரிப்பிடத்தில் ஆமிக்காரர் அவரை இறக்கி அடையாள அட்டை பார்த்ததாக அதே பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். அதற்குமேல் எவரும் எதையும் சொல்லவில்லை. அம்மா ஏறாத அலுவலகம் இல்லை. பிறகு, யார் சொல்லியும் கேளாமல், கொட்டாஞ்சேனை வீட்டை விட்டுவிட்டு வெள்ளவத்தைக்கு வந்து, காலி வீதிப் பஸ் தரிப்பிடம் தெரிகிற ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தார். மகனைக் கடைசியாகக் கண்ட இடம் அதுதான் என்றார். அவன் பழைய வீட்டுக்குப் போனால் என்ன செய்வது என்ற பயத்தில், அங்கே குடிவந்தவர்களிடம் தன் புதிய முகவரியைச் சொல்லி வைத்தார். குடி மாறும்போதெல்லாம் மறுபடி போய்ச் சொன்னார். நான் திருமணமாகி நோர்வேக்கு வந்தபின் எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். அம்மா வரவில்லை. என்னைப்போல் வந்தவர்களில் பலருக்கு இப்படி ஒரு தாய் அங்கே இருக்கிறாள் என்று அறிவேன்.

போன வருடம் ரிஸ்வான் நானா களுபோவில ஆஸ்பத்திரியில் காலமானார். அவருடைய பொருட்களை ஒதுக்கும்போது, எங்கள் கழகம் விளையாடிய ஒரு கசெற் அகப்பட்டதாக மஸீனா அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். முழு ஆட்டங்களும் இருந்த மூலக் கசெற்றுகள் எங்கே என்று கேட்டேன். அவற்றின் மேலேயே கல்யாணங்களைப் பதிந்துவிட்டார்களாம். எங்களிடம் அண்ணனின் அடையாள அட்டைப் படத்தின் பிரதி ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. அண்ணன் நடக்கிற விதமே தனக்கு மறந்துகொண்டு வருவதாக அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் அம்மா சொல்லியிருந்தார். நான் லீவு எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன்.

மஸீனா அக்கா கசெற்றைப் பென்ட்ரைவில் மாற்றிக்கொண்டு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தார். அம்மா கதிரையை இழுத்துத் தொலைக்காட்சிக்குக் கிட்டப் போட்டார். படம் ஓடியது. இடப்பக்கத்திலிருந்து பந்து வந்தது. பச்சைச் சட்டையில் அண்ணன் பாய்ந்தார். கை எட்டவில்லை. விழுந்தார். ரோசாப்பூ விரிந்தது. மறுபடி பந்து, மறுபடி பாய்ச்சல், மறுபடி பூ. பார்த்துச் சிரித்த அதே படம். காணாமற்போன ஒருவர் எங்கள் கண் முன்னால் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தார்.

அம்மா நிறுத்தச் சொன்னார்.

“அந்தப் பூவை எடுக்கேலாதே?” என்று கேட்டார்.

பூவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, அடுத்த கோல்தான் இருக்கிறது என்று நான் மெதுவாகச் சொன்னேன். அம்மாவுக்கு உதைபந்தாட்டம் தெரியாது. யார் வென்றது, யார் தோற்றது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மஸீனா அக்காவின் பக்கம் திரும்பினார்.

“விழுந்த பிள்ளை பிறகு எழும்பினவனே?”

மஸீனா அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

“எழும்பின அன்ரி. ஒவ்வொரு தரமும் எழும்பின. நான்தான் அந்த இடத்த வெட்டின.”

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். எழும்பி, கையைக் கலிசானில் துடைத்துவிட்டு, பந்தை எடுத்து நடுவுக்கு எறிந்தார் என்றார். முன்னால் நின்ற பொடியனுக்கு ஏசிவிட்டு, அவனுடைய முதுகில் தட்டினார் என்றார். அம்மா கேட்டு முடித்துவிட்டு, “அடுத்ததுக்கு?” என்றார். நான் படத்தை ஓட விட்டேன். அண்ணன் விழுந்தார். பூ விரிந்ததும் நிறுத்தினேன். மஸீனா அக்கா சொன்னார். தண்ணீர் குடித்தாராம். வலையில் சிக்கிய காலை எடுக்க முடியாமல் சிரித்தாராம். அந்த மத்தியானம் முழுவதும் அப்படியே போனது. கடைசிக் கோலுக்கு, வெயில் கண்ணில் பட்டதென்று தொப்பியைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு எழும்பினார் என்றார். திரையில் உறைந்து நின்ற அண்ணனின் தலையில் தொப்பி இல்லை. அண்ணன் ஒருநாளும் தொப்பி போட்டு விளையாடியதில்லை. நான் தொலைக்காட்சியை அணைத்தேன்.

மஸீனா அக்காவை லிஃப்ட் வரை விட்டுவிட்டு வந்தேன். அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை.

“அவன் தொப்பி போடுறேல்லை” என்றார். பிறகு, “எண்டாலும் அவவை வரச் சொல்லு” என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் மஸீனா அக்கா வெள்ளவத்தைக்குப் போகிறார். படம் போடுவதில்லையாம், கதைதான். அம்மா எனக்கு அழைப்பெடுத்துவிட்டுத் தொலைபேசியை மேசையில் வைத்துவிடுவார். அங்கே மத்தியானம், இங்கே காலை. முதியோர் இல்லத்து வேலைக்கு நான் புறப்படுகிற நேரம். எங்கள் மாடிப்படியில் சிக்னல் கிடைக்காது, கதவைத் தாண்டினால் அறுந்துவிடும். போன ஞாயிறு, மழை அங்கியைப் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, ஒரு காலைப் படியிலும் ஒரு காலைக் கதவுக்கு உள்ளேயும் வைத்தபடி நின்றேன். கீழே என் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தொலைபேசிக்குள் மஸீனா அக்காவின் கதையில் அண்ணன் விழுந்துவிட்டார். அம்மா, “பிறகு?” என்றார். அண்ணன் இன்னும் எழும்பவில்லை.